நாற்காலியின் வலக்கை

நாடகக் குழுவின் அறையில் ஒரு மரநாற்காலி இருந்தது. முப்பது வருஷ நாடகங்களில் அரியணை, நீதிபதி ஆசனம், பல் வைத்தியர் நாற்காலி என்று அது வகிக்காத பதவியில்லை. கதாநாயகர் கோதண்டம் மறந்துபோகும் வசனங்களை அதன் வலக்கையில் பென்சிலால் எழுதிவைத்து, தடுமாறும்போது வந்து உட்கார்ந்துகொள்வார். அதனால் போர்க்களக் காட்சியில்கூட நாற்காலி போட்டார்கள்.

புது நாடகத்துக்காக அதற்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்க முடிவாயிற்று.

"என் வசனமெல்லாம் போய்விடுமே," என்றது நாற்காலி.

"உன் வசனமா? அவர் எழுதினார், நீ சுமந்தாய்," என்றது அட்டைக் கிரீடம். "எனக்கு எத்தனை தடவை தங்கத்தாள் மாற்றினார்கள். நான் அழுதேனா?"

"உன்மேல் யாரும் எழுதவில்லையே, அண்ணே."

கிரீடம் நாற்காலியின் வலக்கையைப் பார்த்தது. பிறகு, "அந்தப் பல் வைத்தியர் வரியைச் சொல்லேன்," என்றது.

"'வாயைத் திறங்கள், உண்மை வெளியே வரட்டும்.'"

இரண்டும் சிரித்தன. நாற்காலி மாலைவரை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் பெயிண்ட் அடித்தார்கள். வலக்கை வழவழவென்று வெறுமையாக இருந்தது. காய்ந்ததும், எழுபதைத் தாண்டிய கோதண்டம் பென்சிலோடு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினார். வெகுநேரம் எழுதினார்.

"இன்னுமா முடியவில்லை?" என்றது கிரீடம்.

"வலக்கை நிரம்பிவிட்டது," என்றது நாற்காலி. "இப்போது இடக்கைக்கு வந்திருக்கிறார்."