ஒரு நொடித் தாமதம்

“இந்த அம்மாவுக்கு வேற வேலையே இல்லையா மேடம்? கிட்டத்துல பார்த்துட்டு நிமிர்ந்தா, எதிர்ல இருக்கறது தெளிய ஒரு நொடி ஆகுதாம்! ஒரு நொடியில என்ன குடிமுழுகிப் போயிடும்?”

இன்ஜினியர் பொரிந்து தள்ளினான். புதுக் கண்ணாடியைச் சோதனைக்குப் போட்டுப் பார்த்த அத்தனை பேரும் பிரமாதம் என்று சொல்லியாயிற்று. ஒரே ஓர் அம்மா மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

“சரி பண்ணிடு” என்றார் ஆய்வகத் தலைவி.

“யாரு மேடம் அது?”

“சோதனை முடியற வரைக்கும் சொல்லக் கூடாது. விதி தெரியுமில்ல?”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். அது லேசுப்பட்ட கண்ணாடியா என்ன? இரண்டு தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம். மின்சாரம் பட்டதும் மூலக்கூறுகள் சாயும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானாகவே மாறிக்கொள்ளும். படிகம் தடிமனாக இருந்ததால்தான் அந்தத் தாமதம். அதை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான்.

மாட்டிப் பார்த்தான். உள்ளங்கை ரேகை. நிமிர்ந்தான். எதிர்க் கட்டடத்து உச்சியில் இறகு கோதும் புறா. மறுபடி ரேகை. மறுபடி புறா. எப்போது மாறியது என்றே தெரியவில்லை!

“அடேயப்பா!” அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. “அந்த அம்மாவை வரச் சொல்லுங்க மேடம். இனிமே குறை சொல்லட்டும், பார்க்கலாம்!”

“வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க.” தலைவி கதவைத் திறந்தார்.

உள்ளே வந்தது அவனுடைய அம்மா.

“அம்மா! நீயா? எப்போலேருந்து?”

“ஒரு மாசமா இதைத்தானேடா மூக்குல மாட்டிக்கிட்டுத் திரியறேன். நீ செஞ்ச கண்ணாடியாச்சேன்னு ஆசையாப் பேர் கொடுத்தேன்.”

புதுக் கண்ணாடியை அவனே மாட்டிவிட்டான். அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். கண்கள் விரிந்தன.

“அம்மாடியோவ்! டக்குனு தெரியுதே! டேய், காதோரம் நரை விழுந்திருக்கு உனக்கு!” அவன் முகத்தையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்த ஒரு நொடியில அப்படி என்னம்மா போச்சு?” என்று மெதுவாகக் கேட்டான்.

“சாயங்காலம் ஊசியும் நூலுமா உட்கார்ந்திருப்பேன். நீ வர்ற சத்தம் கேட்டு நிமிருவேன். உன் முகம் தெளியறதுக்குள்ள, நீ ரூம் கதவைச் சாத்திக்குவியேப்பா!”