நாலாம் நம்பர் எஞ்சினடியில் ஒரு வாழையிலை

சாராயப் போத்தலைக் கண்டதும் முனாசுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

பொரித்த மீன், இறால் குழம்பு, சுருட்டு, வெற்றிலை, நடுவில் அந்தக் கால் போத்தல். எல்லாவற்றையும் நாலாம் நம்பர் நீராவி எஞ்சினுக்கு முன்னால், தண்டவாளத்துக்கு நடுவில், வாழையிலை விரித்துப் பரப்பிக்கொண்டிருந்தாள் வாகரையிலிருந்து வந்த பத்தினிப்பிள்ளை. அவளுடைய மகள் தக்சிகா சோற்றுப் பெட்டியோடு பக்கத்தில் நின்றாள். வாவிக் காற்றில் மீன் வாசம் ரயில் மியூசியம் முழுக்கப் பரவியது.

இன்னும் அரை மணித்தியாலத்தில் கொழும்பிலிருந்து மேலதிகாரி, பெரியவர் வருகிறார். மூன்று வருடமாகப் பதில் பொறுப்பாளர் என்ற பேரில் இழுபடுகிற முனாசின் வேலை நிரந்தரமாவதும் ஆகாததும் இன்றைக்கு அவர் கையில்தான் இருக்கிறது. இந்த நேரம் பார்த்தா இவர்கள் விருந்து வைக்க வேண்டும்?

“அம்மா, இது பழைய எஞ்சின் பார்க்கிற இடம். தண்ணி அடிக்கிற இடமில்ல. எல்லாத்தையும் அள்ளுங்க.”

“கொஞ்சம் பொறுங்க தம்பி. இன்னும் சோறு வைக்கல்ல.”

அந்தப் பதில் அவனுக்கு எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டது மாதிரி இருந்தது. எஞ்சினை அண்ணாந்து பார்த்துக் கத்தினான். “வீரகத்தி அண்ணன், இறங்கி வாங்க. இவங்களை வெளியில அனுப்புங்க.”

வீரகத்திதான் இங்கே வழிகாட்டி. மாகோ பக்கத்து எஞ்சின் கொட்டகைகளில் வருடக்கணக்காகக் கரியும் எண்ணெயுமாகக் கிடந்தவர் என்று, மியூசியம் திறந்தபோது கூட்டி வந்தார்கள். யாராவது எஞ்சின் பித்தளையில் ஒரு விரல் வைத்தால் போதும், வாவிக்கு அந்தப் பக்கம் கேட்கக் கத்துவார். இன்றைக்கு வாகரை ஆட்களின் வான் வாசலில் வந்து நின்றதும், துடைக்கப்போகிறேன் என்று துணியோடு எஞ்சினில் ஏறினவர் இறங்கவே இல்லை.

“வயிறு சரியில்ல சேர்,” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

கெடுவதற்கு இந்த வயிற்றுக்கும் வேறு நாள் கிடைக்கவில்லை. முனாசின் கோபத்தில் பாதி மேலே போனது, பாதி கீழே நின்றது. கீழே இருந்தவள்தான் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தாள். குனிந்து போத்தலை எடுக்கப் போனான்.

“அதில கை வைக்காதீங்க,” தக்சிகா குறுக்கே வந்தாள். “அது படையல். செத்தவருக்கு வைக்கிறது.”

முனாஸ் கையை இழுத்துக்கொண்டான். ஓட்டமாவடியில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் அவன். செத்தவர் ஆசையாகச் சாப்பிட்டதை, குடித்ததை எல்லாம் தமிழ் ஆட்கள் இலையில் வைப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது, இனித் தூக்கி எறியவும் முடியாதே.

“ஆருக்கு?”

“என்ர மனுசனுக்கு.”

“பேர் என்ன?”

“புருசன்ர பேர என்ர வாயால சொல்ற பழக்கமில்ல.” தக்சிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாய் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

“எப்ப மவுத்தானவர்?”

“சுனாமியில. காலம்பற கடலுக்குப் போறன் எண்டு போனவர்தான். உடம்பும் கிடைக்கல்ல.” பத்தினிப்பிள்ளை சோற்றை ஓங்கி இலையில் போட்டாள். “தாலியக் கழட்டி வைச்சிட்டு, இருபது வருசமாக் கருவாடு வித்து மூணு பிள்ளைகள வளர்த்தன். ஒரு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் என்னை முன்னால நிக்க விடல்ல.”

“அதுக்கு நான் என்ன செய்ய? கடலுக்குப் போனவருக்குக் கடற்கரையில வையுங்களன். இங்க வந்து என்னத்துக்கு?”

“வருசா வருசம் அங்கதான் வைச்சம். இந்த வருசம் இங்கதான் வைக்கணும்.”

தக்சிகா போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “என்ர மகள் போன மாசம் ஸ்கூல் ட்ரிப்பில வந்து எடுத்த படம். இதப் பார்த்துத்தான் வந்தம்.”

வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள், பின்னால் நாலாம் நம்பர் எஞ்சின், கையை நீட்டி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற வீரகத்தி. இதில் என்ன இருக்கிறது என்று முனாசுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்கிற பொறுமையும் இல்லை.

வாசலில் ஜீப் ஒன்று ஹோன் அடித்தது. பெரியவர் நேரத்தோடே வந்துவிட்டார். முனாஸ் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு ஒன்று பிடிபட்டது.

“சுனாமி வந்தது டிசம்பர்ல. இது ஆகஸ்ட் மாசம். செத்தவருக்கு மாசம் மாத்தியா படைக்கிறீங்க? ஆரை ஏமாத்தப் பார்க்கிறீங்க? உண்மையச் சொல்லுங்க, ஆருக்கு இந்தச் சோறு?”

பத்தினிப்பிள்ளை சுருட்டை இலையின் ஓரத்தில் வைத்தாள். எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எஞ்சினை அண்ணாந்து பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“அந்தா, எஞ்சினுக்க ஒளிச்சிருக்கிறவருக்குத்தான், தம்பி.”