சொல்றதில்லைங்க

கல்லூரி மனநல ஆலோசனை அறையின் கதவை உதைத்துத் திறந்தான் ஒரு மாணவியின் அப்பன். ஆலோசகியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"என் பொண்ணு இங்க வந்து என்னடி சொன்னா? என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் இன்னிக்கே அவளை வெட்டிப் போட்டுடுவேன்!"

"இங்க யார் வந்தாங்க, வரலைன்னு நாங்க சொல்றதில்லைங்க."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அடுத்து நாற்காலி பறந்து வந்து தோளைப் பெயர்த்தது. வாயைத் திறக்கவே இல்லை, மகராசி.

காவலாளிகள் அவனை இழுத்துப் போனதும், வரவேற்பில் இருக்கும் அக்கா ஈரத்துணியோடு ஓடிவந்தாள்.

"அப்படி என்னதான் சொல்லித் தொலைச்சா அந்தப் பொண்ணு?"

"அவ இங்க வந்ததே இல்லைக்கா."

"அடிப்பாவி! அதைச் சொல்லியிருந்தா விட்டிருப்பானே!"

"ஒருத்திக்கு வரலைன்னு சொல்லிட்டா, நாளைக்கு நிஜமாவே வந்தவளுக்காக நான் வாயை மூடுறப்போ, அதுவே அவளைக் காட்டிக் கொடுத்துடாதாக்கா?"