முதல் ஆளின் கூலி

"நாள்கூலி ஆறு வெள்ளின்னா வரேன் முதலாளி. குறைஞ்சா வேணாம்."

சேதுபதி இதைக் கடையின் நடுவில் நின்று சொன்னான். குழாய் வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் வேலாயுதம் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

"நேத்து வரைக்கும் ரெண்டு வெள்ளிக்கு என் ஸ்பானரைத் தூக்கினவன். லைசன்ஸ் வந்த மறுநாளே ஆறா? நாலு தரேன். வந்தா வா, இல்லன்னா போ லா."

சேதுபதி போய்விட்டான்.

கெர்பாவ் சாலையில் இருந்த அந்தக் கடையில் பயிற்சி பெற்றவர்கள் ஐவர். சேதுபதிக்கு லைசன்ஸ் தேர்வு முந்திக்கொண்டது. மற்ற நால்வருக்கும் அடுத்த மாதம். அத்தொழிலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கடையில் முதலில் லைசன்ஸ் பெறுபவன் என்ன நாள்கூலிக்குச் சேருகிறானோ, பின்னால் தேறுகிறவர்களுக்கும் அதுவே தொடக்கக் கூலி. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

ஆகவே நால்வரும் அவனைக் கொண்டாடினார்கள். அவர்களில் மூத்தவனான நூருல் அமீன் கோப்பி வாங்கிக் கொடுத்து, விட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பினான்.

அவன் விடவில்லை. வேறு கடைகளில் போய்க் கேட்டான். பயிற்சி கொடுத்த முதலாளியோடு பேசித் தீர்த்துவிட்டு வரும்படி எல்லோரும் திருப்பி அனுப்பினார்கள். வேலாயுதத்துக்கும் நெருக்கடிதான். தோ பாயோவில் அடுக்கு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன; லைசன்ஸ் ஆள் இல்லாமல் அங்கே குழாய் போட முடியாது. அவருடைய பழைய லைசன்ஸ் ஆளோ வேலையை விட்டு ஜொகூருக்குப் போயிருந்தார். அப்படியிருந்தும் அவர் நாலு என்றார்; இவன் ஆறு என்றான்.

நடுவில் அகப்பட்டவள் சேதுபதியின் மனைவி லீலா. நோரிஸ் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் கணவனும் மனைவியுமாக ஓர் அறையில் குடியிருந்தார்கள். பலகைத் தடுப்புக்கு அப்பால் வேறொரு குடும்பம். அவளுக்கு ஏழாம் மாதம். மாவாட்டி விற்றாள், ஆட்டும்போதும் ஏசினாள், விற்றுவிட்டு வந்தும் ஏசினாள்.

"ஆறு ஆறுன்னு நில்லுங்க. அந்த ஆத்துல குளிக்கலாம். உலையில போட என்ன இருக்கு?"

அக்குரல் பலகையைத் தாண்டி, படியிறங்கி, தேக்கா சந்தை வரைக்கும் போயிற்று. மூன்றாம் வாரத்தில் கோப்பிக் கடை அப்துல் கையூம் அதை அவளைப் போலவே பேசிக் காட்டத் தொடங்கிவிட்டார். நூருல் அமீனும் உட்கார்ந்து சிரித்தான்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் சேதுபதி மீண்டும் வேலாயுதத்தின் கடைக்கு வந்தான். நால்வரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்ட பிறகே வாயைத் திறந்தான்.

"அஞ்சு வெள்ளி கொடுங்க முதலாளி. இன்னிக்கே தோ பாயோவுக்குப் போறேன்."

வேலாயுதம் அவனை முறைத்தார். பிறகு, விருப்பமில்லாமல், "சரி" என்றார்.

சேதுபதி நால்வர் பக்கம் திரும்பினான்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல? அஞ்சு."

"கேட்டோம், கேட்டோம்" என்றான் நூருல் அமீன். "ஆறுன்னு கிளம்பினவரை அண்ணி அஞ்சுல இறக்கிட்டாங்க."

கடை முழுவதும் சிரித்தது. சேதுபதி குழாய்களை லாரியில் ஏற்றினான். அன்று மாலைக்குள் கோப்பிக் கடையில் செய்தி முடிவாகிவிட்டது: மனைவியின் வாய்க்குப் பயந்தவனின் பிடிவாதம் அவ்வளவுதான்.

முந்தின நாள் மாலை நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து அறைக் குடும்பம் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தது. வேலாயுதம் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு மாடிப்படி ஏறி வந்தார். தாழ்ந்த குரலில் சேதுபதியிடம் விஷயத்தைச் சொன்னார். அவனுக்கு மட்டும் நாளுக்கு ஏழு வெள்ளி. ஆனால் கடையில் எல்லார் முன்னிலையிலும் நாலுக்குச் சேருவதாகச் சொல்லிவிட வேண்டும். மற்ற நால்வரையும் நாலுக்கே எடுத்துக்கொள்வார். அத்தனை பேருக்கும் ஆறு கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான். மிஞ்சிப்போனால் அஞ்சு தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்றார்.

சேதுபதி மனைவியின் வயிற்றைப் பார்த்தான்.

"ஏழா?" என்று கேட்டான். ஒரு மாதமாக இருந்த உறுதி அந்தக் குரலில் இல்லை.

லீலா மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, எல்லாருக்கும் அஞ்சு தாங்கும்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. நாளைக்குக் காலையில இவர் வந்து எல்லார் முன்னாடியும் அஞ்சு கேப்பார். நீங்க சரின்னு சொல்லுங்க. இல்லன்னா தோ பாயோவுக்கு வேற லைசன்ஸ் ஆளைத் தேடிக்குங்க."

வேலாயுதத்துக்கு விளங்கவில்லை.

"ஏன் தங்கச்சி, மாசம் முழுக்க நீதானே இவனை ஏசினே? ஊரே கேட்டுச்சே."

"ஏசினேன். வேலைக்குப் போகச் சொல்லித்தான் ஏசினேன். நாலு பேர் சோத்துல கை வைக்கச் சொல்லலை. பழத்தை மறக்காம எடுத்துட்டுப் போங்க."

ஊர் பேசியதில் தவறில்லை. சேதுபதியை ஐந்து வெள்ளிக்கு இறக்கியவள் அவன் மனைவிதான். ஆனால் அவள் இறக்கியது ஆறிலிருந்து அல்ல, ஏழிலிருந்து.