உள்ளங்கையில் ஒரு மாத்திரை

சினைப்பைப் புற்றுநோய்க்காக அடுத்தடுத்த கட்டிலில் கிடந்த இருவருக்கும் மரபணுப் பரிசோதனை முடிவு ஒரே காலையில் வந்தது. புதிய மாத்திரைக்கு ஜெசிந்தாவின் நோய் கேட்கும். மைமூனின் நோய் கேட்காது.

பழைய மருந்துகளால் விரல்கள் மரத்துப்போயிருந்த ஜெசிந்தாவால் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க முடியவில்லை. மைமூனிடம் கேட்க வாய் வரவில்லை.

“குடுங்கக்கா.”

மைமூன் வாங்கிப் பிதுக்கினாள். மாத்திரை உள்ளங்கையில் விழுந்ததும் அவள் விரல்கள் மூடிக்கொண்டன. ஜெசிந்தா அந்தக் கையையே பார்த்தாள்.

“நெசமாவே எனக்குக் கேக்காதாக்கா?”

“டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க, மைமூன்.”

“பயந்துட்டீங்களா? நான் முழுங்கினா வீணால்ல போவும். வாயத் தொறங்க.”

“பிஸ்மில்லா” என்று அவள் விரல்களை விரித்தபோது, ஜெசிந்தாவால் உடனே வாயைத் திறக்க முடியவில்லை.