எங்கே வலிக்கிறது?

"உனக்கு இத்தாலியன் தண்ணி பட்ட பாடாமே?"

இன்ஸ்பெக்டர் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஹோட்டலில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவனை, ஏன் எதற்கு என்று சொல்லாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கையில் கறைகூடப் போகவில்லை.

"யார் சார் சொன்னது?"

"ஹோட்டல் ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு. தினமும் அந்தப் பொண்ணுக்கு இத்தாலியன்லதான் வணக்கம் சொல்வியாம். ரெண்டு வருஷம் கிளாஸ் போய்ப் படிச்சேன்னு சொன்னியாமே?"

சொல்லித்தான் தொலைத்திருந்தான். கிளாஸாவது மண்ணாவது! மெஷின் ரூமில் வேலையில்லாத நேரத்தில் செல்போனில் பார்த்த ஒரே ஒரு இத்தாலியன் ஆஸ்பத்திரி சீரியல்தான் அவனுக்கு வாத்தியார், பள்ளிக்கூடம், எல்லாம். மூன்று சீசன் பார்த்ததில், நோயாளியை எப்படி விசாரிப்பது, ஆபரேஷன் தியேட்டரில் எப்படிக் கத்துவது என்று தெரியும். ஒரு காப்பி கேட்டு வாங்கத் தெரியாது. "உங்க வாய் இருக்கே, அதுதான் ஒருநாள் உங்களை உள்ள தள்ளப்போகுது" என்று அன்று காலையில்கூட மனைவி சொல்லியிருந்தாள். இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். மூலையில் சாத்தியிருந்த லத்தி கண்ணில் பட்டது.

"சுமாரா வரும் சார்."

"அது போதும். அதோ உக்காந்திருக்கான் பாரு."

பெஞ்சில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். செம்பட்டைத் தாடி, கையில் ஒரு வரைபடம்.

"அடுத்தவங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஹோட்டலை விட்டு வெளியே போறப்ப மாட்டினான். கையில பாஸ்போர்ட் இல்லை. வாயைத் திறந்தா இத்தாலியன் மட்டும்தான் வருது. பெட்டி மாறிப்போச்சுன்னு சொன்னா விட்டுடலாம். இல்லைன்னா உள்ள போடணும். நீ கேட்டுச் சொல்லு, நான் எழுதிக்கிறேன். கடைசியில நீ கையெழுத்துப் போடணும். ஏடாகூடமா எதாவது சொன்னே, பொய் சாட்சி. மூணு வருஷம்."

மெக்கானிக் மூன்று சீசனையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். பெட்டிக்கு இத்தாலியனில் என்ன? திருட்டுக்கு என்ன? சீரியலில் ஒருத்தனும் எதையும் திருடவில்லையே! வாயில் வந்த ஒரே கேள்வியைக் கேட்டான்.

"தோவெ லெ ஃபா மாலெ?"

எங்கே வலிக்கிறது என்று அர்த்தம்.

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. தொலைந்தோம் என்று நினைத்தான் மெக்கானிக். ஆனால் வெள்ளைத் தொப்பி நெஞ்சில் கை வைத்து, மடமடவென்று பதில் சொன்னான். 'இங்கேதான் டாக்டர், நெஞ்சில். என் மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.' சீரியலில் முதல் நோயாளி சொன்னதும் இதையேதான். இத்தாலிக்காரன் எல்லாருக்கும் நெஞ்சு வலித்தால் இப்படித்தான் பேசுவான் போலிருக்கிறது.

"என்ன சொல்றான்?"

"பெட்டி... மாறிப்போச்சாம் சார்."

"அதுக்கா இவ்வளவு நீளம்?"

"நெஞ்சுல கை வெச்சு சத்தியம் பண்றார் சார்."

"ம். எந்த ரூம்னு கேளு."

'ரத்தம் ஏற்றியாகிவிட்டதா?' என்று இத்தாலியனில் கேட்டான். வேறு வழி? 'நேரம் கடந்துவிட்டது டாக்டர்' என்றான் வெள்ளைத் தொப்பி. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"முந்நூத்திப் பன்னெண்டு சார்."

இன்ஸ்பெக்டர் எழுதி முடித்தார். தாளைத் திருப்பி அவன் முன்னால் தள்ளினார்.

"போடு கையெழுத்து."

பேனாவை எடுத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டில் வேறு யாராவது இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்று வருஷம்! மனைவி முகம் ஒரு நிமிடம் வந்து போனது. அதைவிடப் பயங்கரமான இன்னொன்றும் தோன்றியது. அந்த மனுஷனுக்கு நிஜமாகவே நெஞ்சு வலி என்றால்? வாய்விட்டுச் சொல்லியும் நான் மறைத்துவிட்டேனே. இங்கேயே சரிந்து விழுந்தால் அந்தப் பாவம் யார் தலையில் விழும்?

பேனாவைக் கீழே போட்டான்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. கிளாஸும் இல்லை, ஒண்ணும் இல்லை. சீரியல் பார்த்துக் கத்துக்கிட்டது சார். நான் கேட்டது ஒண்ணு, உங்ககிட்ட சொன்னது ஒண்ணு. அவர் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றார். முதல்ல அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. என்னை அப்புறம் உள்ள போடுங்க."

சொல்லிவிட்டு அழுதே விட்டான். இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"அவனுக்கு ஒரு வலியும் இல்லை. காலையில இருந்து இதே பாட்டுதான். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். லிஃப்ட் மெக்கானிக் பொழுதன்னைக்கும் ஒரு இத்தாலியன் ஆஸ்பத்திரி சீரியலே கதின்னு கிடக்கிறான்னு அந்த ரிசப்ஷன் பொண்ணு சொன்னதும்தான் பொறி தட்டுச்சு. எங்க வீட்டுலயும் அதுதான் ஓடுது! இத்தாலியன் தெரிஞ்சவன் வேணும்னு உன்னைக் கூப்பிடலைப்பா. அந்த சீரியல் தெரிஞ்சவன் வேணும்னு கூப்பிட்டேன். நீ ஒரு வசனம் எடுத்துக் குடுத்தா, அவன் அடுத்த வசனம் சொல்றானா இல்லையான்னு பார்க்கணும்ல?"

மெக்கானிக் வாயைப் பிளந்தபடி பெஞ்சைப் பார்த்தான். வெள்ளைத் தொப்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கான்ஸ்டபிள் வந்து தோளில் கை வைத்ததும் எழுந்தான். போகிற போக்கில் மெக்கானிக் பக்கம் குனிந்தான்.

"அண்ணே, நான் மொத சீசன்தான் பார்த்திருக்கேன். உள்ள போறதுக்குள்ள சொல்லிடுங்க, அதுல கடைசியில குண்டடி பட்டாரே, அந்த டாக்டர் பிழைச்சுக்குவாரா?"