பச்சைக்கரை வாத்து

அண்ணனும் தம்பியும் குடியேறியிருந்த குளிர்தேசத்தில், வசந்தத்தில் வடக்கே திரும்பும் பனிவாத்துகள், வயலில் வெள்ளையாக எது தெரிந்தாலும் தங்கள் கூட்டமென்று நம்பி இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காக அண்ணன் கதிரேசன் வெள்ளைத்துணியைக் கிழித்துக் கிழித்துப் போலி வாத்துகளாகக் குச்சிகளில் கட்டி வயல் முழுக்க நட்டுக்கொண்டிருந்தான். ஒன்றின் கழுத்தில் பச்சைக்கரையைப் பார்த்ததும் தம்பி செங்குட்டுவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது அப்பா வேட்டிதானே? அவரு போயி முப்பது நாள்கூட ஆகலையேண்ணே!"

"பெட்டியில கெடந்து மக்கிப்போறதுக்கு, இதுக்காவது ஆகட்டுமேடா."

கிழிபடாமல் மிச்சமிருந்த ஒரே வேட்டியை அண்ணன் கையிலிருந்து பிடுங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு, துணி வாத்துகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தான் செங்குட்டுவன்.

"எந்திரிடா! பறவையெல்லாம் மிரண்டுடும்" என்று கத்தினான் கதிரேசன்.

மிரளவில்லை. மேலே வட்டமடித்த கூட்டத்திலிருந்து முதல் வாத்து இறங்கி வந்து, செங்குட்டுவனின் முழங்காலை ஒட்டி நின்றது.

"துப்பாக்கியை எடுத்துட்டு வாண்ணே" என்று வாத்து மிரளாதபடி கிசுகிசுத்தான் அவன். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"